பனிக்காலத்தில் வண்டி கிளப்பும் முறை

அந்த டிரைவர் பண்றது தப்புங்க தம்பி. பாத்தீங்களா, ஏறி உக்காந்தவுடனே சாவியைத் திருகறாரு. இந்த பஸ்ஸு ஊட்டி ஸ்டாண்டுல விடிய விடியப் பனியில நின்னுருக்குது. மனுசனையே தட்டி எழுப்பினா சித்தெ நேரம் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறான். வண்டிக்கு மட்டும் அந்த அவகாசம் வேண்டாமுங்களா?

சரி, கெளம்பிருச்சு. கெளம்பாதுன்னு நான் சொல்லலீங்க. முறையில்லாமக் கெளம்பிருச்சுன்னுதான் சொல்றேன்.

சன்னலைச் சாத்திக்குங்க, குன்னூர் தாண்டற வரைக்கும் இந்தக் காத்து விடாது. மேட்டுப்பாளையமா? நானும் அங்கதானுங்க. என்ற பேரு வெள்ளியங்கிரி. சொந்த ஊரு அவிநாசிப் பக்கம். முப்பத்திரண்டு வருசம் கவர்மெண்ட் வேலை, அதுல கடைசி ஒம்பது வருசம் பதிவறைக்கு நாந்தான் சூப்பிரண்டெண்ட். எந்த ஃபைல் எந்த அலமாரியில எத்தனாவது தட்டுல இருக்குதுன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவேன். யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாத் தந்திருப்பேன்.

எதுக்குச் சொல்றேன்னா, குளிர்ல வண்டி ஸ்டார்ட் பண்றதைப் பத்தி இந்த நீலகிரி மாவட்டத்துல என்னளவுக்கு யோசிச்ச ஆள் கெடையாதுங்க. பெருமைக்குச் சொல்லல. மத்தவங்க யோசிக்கலைங்கறேன், அவ்வளவுதான்.

என்ற வீட்டுக்காரி துளசிமணி, கிராம சுகாதார செவிலியர். ஊருக்குள்ள வந்து கொழந்தைகளுக்கு ஊசி போடுவாங்களே, நர்சம்மாம்பாங்களே, அது. ரெண்டு வருசத்துக்கு முந்தி அன்னூர்ல இருந்து அவளைத் தூக்கி ஊட்டிக்கு அக்கட்ட, எமரால்டு போற வழியில ஒரு சின்ன ஊருக்குப் போட்டுட்டாங்க. துணை சுகாதார நிலையம்னு ஒரு கட்டடம். முன்னால ஊசி போடற ரூம், பின்னால குடியிருக்க ரெண்டு ரூம். நான் அப்ப சர்வீசுல இருந்தேன், அவ மட்டும் போனா. ஒரு வருசம் கழிச்சு ரிட்டயர் ஆகி நானும் போய்ச் சேந்துட்டேன்.

வண்டி ஒரு சின்ன ஸ்கூட்டர். கியர் இல்லை, செல்ப் இல்லை, உதைச்சாத்தான். பதினாறு வருசத்து வண்டி. என்ற பேர்ல இருக்குது, ஆனா ஓட்டிட்டு இருந்தது அவதான். அன்னூர்லயும் ஓட்டுனா, மலைக்கு வந்து முதல் வருசம், நான் இல்லாதப்ப, ஒரு பனிக்காலம் பூரா அவளாவே ஓட்டிருக்கறா. எப்படிக் கெளப்புனேன்னு கேட்டேன்.

"உதைச்சாக் கெளம்புதுங்" ன்னா.

அவ்வளவுதான் பதில். ஒரு முறை கெடையாது, ஒரு குறிப்பு கெடையாது. எப்படியோ அதிர்ஷ்டத்துல ஒரு வருசம் ஓடிருச்சு. அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை நாளைக்கு இருக்கறதுங்க? வந்த வாரமே சொல்லிட்டேன், இனிமேல் காலையில வண்டி கெளப்பறது, உன்னைக் கொண்டு போய் விடறது, கூட்டியாறது எல்லாம் என்ற பொறுப்புன்னு.

"நானே போயிக்குவனுங். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"மலை ரோடு. பனி. நீ பின்னால உக்காரு."

அவ சாவியை எடுத்து நீட்டுனா. என்ற பேச்சை அவ மறுத்ததே இல்லைங்க.

அப்புறம் உக்காந்து ஒரு முறை வகுத்தேன். பதினோரு படி. வெள்ளைத்தாள்ல எழுதி, கதவுக்குப் பின்னால, தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்துல ஒட்டிவெச்சேன். எல்லாத்தையும் சொன்னா மேட்டுப்பாளையமே வந்துரும். முக்கியமானதை மட்டும் சொல்றேன். மொதல்ல சீட்டு மேல இருக்கற பனியைத் தொடைக்கோணும். அப்புறம் வண்டியை இடப்பக்கம் சாய்ச்சு இருவது எண்ணோணும், வலப்பக்கம் சாய்ச்சு இருவது எண்ணோணும். உள்ள இருக்கற பெட்ரோல் தூங்கிட்டு இருக்கும் பாருங்க, அதுக்கு. அப்புறம் பெட்ரோலைக் கூட்டி விடற சோக்கை முழுசா இழுத்துட்டு, ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரைக்கும் முறுக்கிப் புடிச்சுட்டு, விடாம உதைக்கோணும். பதினஞ்சு உதை தாண்டுனாக் கம்முனு பெட்ரோல் வாசம் வரும். வந்துருச்சுன்னா எஞ்சினுக்கு வேண்டியது போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம். இருவது ஆனவுடனே நிறுத்திட்டு, உள்ள போய் டீ குடிக்கோணும். அது பத்தாவது படி. எஞ்சினுக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு.

அந்த டீ குடிக்கற நேரத்துலதான் ஒரு வேடிக்கை நடக்கும். துளசி தடுப்பூசிப் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு வெளிய வருவா. சோக்கை உள்ள தள்ளுவா. ஒரு உதை, மிஞ்சிப்போனா ரெண்டு. வண்டி கெளம்பிரும். நான் டம்ளரும் கையுமா ஓடியாறேன். பாக்கறவங்களுக்கு என்ன தோணும்? நர்சம்மா ஒரே உதையில கெளப்பிட்டாங்கன்னுதான தோணும்? நான் குடுத்த இருவது உதை யார் கண்ணுல படும்? கல்லு சுமந்து சுவரு கட்டுனவன் ஒருத்தன், கடைசியா வந்து சுண்ணாம்பு அடிச்சவன் ஒருத்தன். அடிச்சவனைப் பாத்து வீடு கட்டுனவன்னு சொன்னா நாயமுங்களா?

நான் குறை சொல்லலீங்க. அவகிட்டயும் ஒரு நாளும் சொன்னதில்லை. தெனமும் சொல்லியிருக்கேன்னா அது வெளக்கத்துக்காகச் சொன்னது.

எதிர் வீட்டுல போஜன்னு ஒருத்தர். படகர், கேரட் வெள்ளாமை. நான் வண்டியைச் சாய்க்க ஆரம்பிச்சா அவரு கம்பளியைப் போத்திக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாரு.

"இன்னிக்கு எத்தனை சார்?"ம்பாரு.

"பதினெட்டுலயே வாசம் வந்துருச்சு."

"நேத்து இருவது. இன்னிக்குப் பரவால்ல சார்."

அக்கறையான மனுசன். மனசுல கணக்கு வெச்சிருக்கறாரு பாருங்க. அவரு சம்சாரம் சன்னல்ல நிக்கும், பக்கத்து வீட்டுல இருந்தும் ரெண்டு பேரு வருவாங்க. விசயம் கத்துக்கறதுல அந்த ஊர்க்காரங்களுக்கு அவ்வளவு ஆர்வம். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், வெளிய வரல. எங்க சார் காணோம்னு வீடு தேடி வந்து கேட்டாங்க.

மார்கழி பொறந்தவுடனே குளிர் எறங்கிருச்சு. இருவது பத்தல. நாப்பதாக்குனேன், நடுவுல ஒரு டீ, முடிவுல ஒரு டீ. அப்பவும் சில நாள் துளசி வந்து உதைச்சாக்கூட வண்டி அசையாது. ஊசி ரூமுக்குள்ள போயிப் பஞ்சு எடுத்துட்டு வருவா, பிளக்கைக் கழட்டித் தொடைப்பா, ஊதுவா, மறுபடி மாட்டுவா. அது பதினோரு படியில எங்கயும் இல்லை. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்.

எமரால்டுல இப்ராகிம்னு ஒரு மெக்கானிக். எதுக்கும் ஒரு வார்த்தை கேப்பமேன்னு வண்டியைக் கொண்டு போனேன். பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு.

"பிளக்கு குளிச்சிருக்கு சார்."

"பனியில நிக்கற வண்டி. ஈரம் எறங்கத்தான செய்யும்?"

"பனி இல்ல சார், பெட்ரோல்ல குளிச்சிருக்கு. சோக்கையும் இழுத்து, முறுக்கையும் குடுத்து, இருவது உதை உதைச்சா எந்த எஞ்சினா இருந்தாலும் மூழ்கிரும். சோக்கு மட்டும் போதும். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க. மூணு உதை. அதுல ஆகலன்னா விட்டுருங்க."

"விட்டுட்டு?"

"வீட்டுல வேற யாராச்சும் இருந்தா உதைக்கச் சொல்லுங்க சார்."

நான் அவருகூட வாதாடல. கைத்தொழில் தெரிஞ்ச மனுசன், அதுக்குப் பின்னால இருக்கற தத்துவம் தெரியாது. பாவம், அவரு என்ன பண்ணுவாரு?

இதுக்கு நடுவுல ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாகிட்ட இருந்து, விளக்கம் கேட்டு, துளசிக்கு ரெண்டு மெமோ வந்துருச்சு. விசயம் என்னன்னா, தேயிலை எஸ்டேட்டுல வேலை செய்யறவங்களுக்கு வரிசையா வீடு கட்டி விட்டிருப்பாங்க, லைன்னு சொல்றது. அங்க புதன்கிழமை புதன்கிழமை ஊசி. எட்டு மணிக்கு எஸ்டேட்டுல பேர் கூப்புடுவாங்க. அந்த நேரத்துக்கு நிக்கலேன்னா அன்னைக்கு வேலை இல்லை. அதனால ஏழரைக்கு நர்சம்மா அங்க இருந்தாகோணும். மார்கழியில ரெண்டு புதன்கிழமை நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எட்டு அடிச்சுப் போச்சு. பத்துத் தாய்மாருங்க கைக்கொழந்தையோட பனியில நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டாங்களாம். அந்தப் பொம்பளைங்களுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மிங்க. அரை மணி நேரம். நான் ஒரு கையெழுத்துக்கு அஞ்சு மாசம் காத்திருந்த ஆளு.

மெமோவுக்குப் பதில் நாந்தான் எழுதுனேன். மூணு பக்கம். பொருள்: கடுங்குளிர் காரணமாக வாகனம் கிளம்புவதில் ஏற்படும் தாமதம் தொடர்பாக. அனுப்புனர், பெறுநர், பார்வை, எல்லாம் அதது எடத்துல. துளசி கையெழுத்து மட்டும் போட்டா. டாக்டரம்மா அதைப் படிச்சுட்டு, "ஏம்மா, குளிர் உங்க ஊர்ல மட்டுந்தானா?"ன்னு கேட்டாங்களாம். அன்னைக்குச் சாயங்காலம் வந்து சொன்னா.

"ஏனுங், நாளைக்கு இருந்து நானே கெளப்பிக்கறனுங். கொழந்தைங்களுக்கு ஊசி தவறுதுங்."

"மெமோ யார் பேர்ல வந்துச்சு?"

"என்ற பேர்லதானுங்."

"பதில் எழுதுனது யாரு?"

"நீங்கதானுங்."

"அப்பப் பாரத்தைச் சுமக்கறது யாரு?"

அவ அரிசி களையப் போயிட்டா.

இனிமேல்தான் தம்பி விசயமே. தை பொறக்கறதுக்கு ரெண்டு நாள் இருக்குது. அன்னைக்கு மாதிரிப் பனி நான் பாத்ததில்லைங்க. புல்லு மேலெல்லாம் உப்புக் கொட்டுன மாதிரி. காலையில ஆறு மணி இருக்கும், துளசி செல்போன் அடிச்சுது. ஜெயசீலன்னு லைன்ல இருக்கற பையன். அவன் சம்சாரம் பிரேமலதாவுக்குப் பொம்பளைக் கொழந்தை பொறந்து ஒம்பது நாள். ரெண்டு கிலோக்கூட இல்லாத கொழந்தை. ரெண்டு நாளைக்கு ஒருக்கா துளசி போயிப் பாத்துட்டுத்தான் இருந்தா. கொழந்தை பால் குடிக்கலையாம், கையும் காலும் சில்லுனு ஆயிருச்சாம், கிள்ளுனாக்கூட அழுகலையாம்.

அவ குரலை ஏத்தவே இல்லை. "துணியெல்லாம் கழட்டிட்டு, பாப்பாவை அம்மா நெஞ்சு மேல வெறும் ஒடம்பாப் போடு. தலைக்குக் குல்லா. மேல ரெண்டு கம்பளி. நான் வந்துட்டே இருக்கேன்" ன்னா. ஆம்புலன்ஸுக்குப் போட்டா. வண்டி மஞ்சூர்ப் பக்கம் போயிருக்குது, வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னாங்க. லைன் எங்க வீட்டுல இருந்து நாலு கிலோமீட்டர்.

அவ சேலையைச் சுத்தி ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள நான் மூணாவது படிக்குப் போயிட்டேன். வண்டியை இடப்பக்கம் சாய்ச்சுப் புடிச்சிருக்கேன்.

"ஏனுங், நகருங். நான் பாத்துக்கறேன்."

"இரு. பதட்டத்துல எதுவும் பண்ணக்கூடாது. பதினாலு, பதினஞ்சு."

"ஏனுங், கொழந்தைங்."

"அதுக்குத்தான எண்ணிட்டிருக்கேன்."

சோக்கை இழுத்தேன். முறுக்கிப் புடிச்சேன். உதைக்க ஆரம்பிச்சேன். போஜன் வந்து நின்னாரு. அன்னைக்கு எத்தனைன்னு கேக்கல. "சார், அவங்களை விடுங்க சார்" ன்னாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு முறைன்னா அதை நடுவுல விடக்கூடாதுங்க. இருவது. இருவத்தொண்ணு. இருவத்தி ரெண்டு. வாசம் வந்துருச்சு, நல்ல வாசம். இருவத்தி மூணு.

அப்ப அவ என்ற கையைப் புடிச்சா.

ஹேண்டில் மேல இருந்த கையை, ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்தா தம்பி. இருவத்தேழு வருசத்துல அவ அந்த மாதிரி என்ற கையைப் புடிச்சதே இல்லை. கோவமாக்கூடப் புடிக்கல. ஊசி போடறப்பக் கொழந்தை கையைப் புடிப்பா பாருங்க. வலிக்காது, ஆனா அசைக்கவும் முடியாது. அந்த மாதிரி. என்ற கையை எடுத்து என்ற பக்கத்துலயே வெச்சுட்டா.

பெட்ரோல் டேப்பை மூடுனா. சோக்கை உள்ள தள்ளுனா. முறுக்கிப் புடிச்சு நாலு உதை உதைச்சா, பின்னால வெள்ளையாப் புகை வந்துச்சு. டேப்பைத் தொறந்து விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாம இன்னொரு உதை. வண்டி கெளம்பிருச்சு.

பாத்தீங்களா, வண்டி தயாரா இருந்துச்சு. சரி, இனி ஓட்டறது நம்ம வேலைன்னு உள்ள ஓடினேன். மப்ளர் வேணும், குரங்குக் குல்லா வேணும், அந்தக் குளிர்ல காது மூடாம ஓட்ட முடியாதுங்க. குல்லா கெடைச்சுருச்சு, மப்ளர் துணி மூட்டைக்கு அடியில கெடந்துச்சு. கழுத்துல சுத்திக்கிட்டு, ஹேண்டிலை வாங்கிக்கறதுக்குக் கையை நீட்டிக்கிட்டே வெளிய வந்தேன்.

ரோட்டுல சக்கரத் தடம் மட்டுந்தான் இருந்துச்சு. வெள்ளைப் பனியில ஒத்தைக் கோடு, வளைவு வரைக்கும் போயி அக்கட்டத் திரும்பிருச்சு. சத்தம் மட்டும் கேட்டுட்டு இருந்துச்சு. ஒரு வளைவுல கேக்கும், அடுத்த வளைவுல மறைஞ்சுரும், மறுபடி கேக்கும். சீராத்தான் ஓடிட்டு இருந்துச்சு. நீட்டுன கையை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. போஜன் டீ குடிக்கறீங்களா சார்ன்னாரு. வேண்டாம்னேன்.

என்னை விட்டுட்டுப் போனதை நான் குறை சொல்லலீங்க. பதட்டத்துல மறந்திருப்பா. நான் நடந்தே போனேன். நாலு கிலோமீட்டர், எறக்கந்தான்.

போய்ப் பாத்தா, லைன் வீட்டு வாசல்ல அந்தப் பையன் ஜெயசீலன் ரோட்டைப் பாத்துட்டு நிக்கறான். ஸ்வெட்டர்கூட இல்லை. கதவு கொஞ்சம் தொறந்திருந்துச்சு. உள்ள அந்தப் பொண்ணு சாஞ்சு உக்காந்திருக்குது, கம்பளிக்குள்ள கொழந்தையோட குல்லா மட்டும் தெரியுது. துளசி பக்கத்துல முட்டி போட்டுக்கிட்டு, சங்கு மாதிரி இருக்கற பாலாடையில தாய்ப்பாலைப் புழிஞ்சு வெச்சுக்கிட்டு, சொட்டுச் சொட்டா வாயில விட்டுட்டு இருக்கறா. ஒரு சொட்டு. காத்திருக்கறா. இன்னொரு சொட்டு. நிமுந்து என்னைப் பாத்தா.

"கதவைச் சாத்துங். காத்து வருது" ன்னா.

சாத்திட்டேன்.

வெளிய சும்மா நிக்க எனக்குப் பழக்கம் இல்லைங்க. வண்டி பக்கத்துல நின்னுட்டு இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், எஞ்சின் சூடு ஆறிட்டு இருக்குது. அவ வெளிய வர்றப்பத் தயாரா இருக்கட்டும்னு சோக்கை இழுத்துப் பதினெட்டு உதை குடுத்து வெச்சேன். அந்தப் பையன் வந்து, "சார், உள்ள பாப்பா இருக்கு சார்" ன்னான். அழுதுட்டு இருந்தான். நான் நிறுத்திட்டேன். மப்ளரைக் கழட்டி அவன்கிட்டக் குடுத்தேன். வாங்கிக் கையில வெச்சுக்கிட்டான், சுத்திக்கல.

கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து ஒரு சத்தம். பூனைக்குட்டி மாதிரி. கொழந்தை அழுதுச்சுங்க. அந்தப் பையன் அப்படியே மண்ணுல உக்காந்துட்டான்.

ஆம்புலன்ஸ் வர்றப்ப ஏழரை. தாயும் புள்ளையும் கம்பளியோட ஏறுனாங்க, துளசியும் கூடவே ஏறிட்டா. என்கிட்ட வண்டியைக் கொண்டு போயிருங்ன்னு சொன்னா. அது கெளம்பல. இப்ராகிம் எதையாவது கழட்டிக் கெடுத்து விட்டிருப்பாரு. தள்ளிக்கிட்டே வந்தேன். திரும்பி வர்றது ஏத்தமுங்க.

கொழந்தை பதினொரு நாள் ஊட்டி ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்துருச்சு. இப்ப மூணு கிலோ. நர்சம்மா நேரத்துக்கு வந்து சூடு குடுக்கலேன்னா கொழந்தை இல்லைன்னு டாக்டரம்மாவே சொன்னாங்களாம். துளசின்னு பேரு வெச்சுட்டாங்க. வெள்ளியங்கிரின்னு பொம்பளைப் புள்ளைக்கு வெக்க முடியாதுங்கறது எனக்குத் தெரியும். இருந்தாலும் யோசிச்சிருந்தா ஏதாவது கெடைச்சிருக்கும்.

குடியரசு தினத்தன்னைக்கு ஊட்டியில மைதானத்துல வெச்சு அவளுக்கு நற்சான்றிதழ் குடுத்தாங்க. நானும் போயிருந்தேன், மூணாவது வரிசை. மைக்குல வாசிச்சாங்க: "கடும் உறைபனியிலும் தனியாளாக இருசக்கர வாகனத்தில் சென்று பச்சிளம் குழந்தையின் உயிரைக் காத்தமைக்காக." எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டிட்டு இருக்கறப்பத்தான் அந்த வார்த்தை காதுல ஏறுச்சு. தனியாளாக.

தம்பி, நீங்களே சொல்லுங்க. இது தகவல் பிழையா இல்லையா?

எனக்குச் சான்றிதழ் வேண்டாமுங்க. நான் கேக்கறது ஒரு திருத்தம். தனியாளாகங்கற வார்த்தையை எடுத்துட்டு, 'கணவரால் முன்கூட்டியே தயார் செய்யப்பட்ட வாகனத்தில்'னு போட்டா முடிஞ்சுது. அடுத்த திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனுக் குடுத்துட்டேன். பதினோரு படியையும் இணைப்பு ஒண்ணுன்னு சேத்திருந்தேன். துளசிகிட்டச் சொல்லல. ஆபீஸ் விசயத்தை வீட்டுல பேசக் கூடாதுங்க.

மனு கலெக்டர் ஆபீசுல இருந்து சுகாதாரத்துறைக்குப் போச்சு. அங்க இருந்து வட்டார ஆபீசுக்கு, அங்க இருந்து டாக்டரம்மாவுக்கு. 'சம்பந்தப்பட்ட பணியாளரின் குறிப்புரை பெற்று அனுப்பவும்'னு எழுதி, டாக்டரம்மா அதைத் துளசிகிட்டயே குடுத்துட்டாங்க. முறைப்படி பாத்தா அது சரிதான். அதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம் கொண்டாந்து மேசை மேல வெச்சா. என்ற மனு, எட்டு முத்திரையோட. நான் செய்தித்தாளைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். அவ நின்னுக்கிட்டே முழுசும் படிச்சா. இணைப்பு ஒண்ணையும் படிச்சா. அடுப்புல ரசம் கொதிச்சுட்டு இருந்துச்சு, போயி எறக்கி வெச்சுட்டு வந்தா.

"ஏனுங், நெசமாலுமே இதுக்கு நான் பதில் எழுதோணுமா?"

"ஏழு நாளைக்குள்ள. உள்ளது உள்ளபடி எழுதோணும். நான் உன்ற வீட்டுக்காரன்னு பாக்காதே."

அவ முந்தானையில கையைத் தொடைச்சா. அப்புறம் பேனாவை எடுத்து, நின்ன வாக்குலயே ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மடிச்சு வெச்சுட்டா. மூணு பக்கம் எழுத வேண்டிய எடத்துல ரெண்டு வரி. என்ன எழுதுனான்னு நான் கேக்கல. மனுதாரர் குறிப்புரையைக் கேக்கக் கூடாது.

அதுக்கப்புறம் வீட்டுல ஒரு மாத்தம். இப்ப நான் எந்திரிக்கறதுக்கு முன்னாலயே அவ வண்டியை எடுத்துட்டுப் போயிடறா. வயசானவரு தூக்கம் கெடக் கூடாதுன்னு ஒரு எண்ணம். மெமோவும் வர்றதில்லை. நான் எழுதுன அந்த மூணு பக்கப் பதில் மேலிடத்துல நல்லா வேலை செஞ்சிருக்குதுன்னு நெனைக்கறேன். போஜன் மட்டும் அப்பப்ப வாசல்ல வந்து நிப்பாரு. "காலையில பொழுதே போக மாட்டேங்குது சார்"ம்பாரு.

போன வாரம் எனக்குப் பதில் வந்துச்சு. மனு முடிக்கப்பட்டது, குறிப்புரை நகல் இணைக்கப்பட்டுள்ளது. அதை ஃப்ரேம் போடத்தான் மேட்டுப்பாளையம் போறேன். ஊட்டியிலயே ஒரு கடையில குடுத்தேனுங்க. கல்லாவுல இருந்த பொண்ணு அதைப் படிச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிருச்சு. அப்புறம் உள்ள இருந்து மூணு பேரு எட்டிப் பாக்கறாங்க. ஒரு அரசாங்க ஆவணத்தை எப்படி வாங்கோணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லை. திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

இந்தாங்க, நீங்களே பாருங்க. மடிப்பைப் பாத்துப் பிரிங்க. சரி, நானே வாசிக்கறேன்: "மனுதாரர் அன்று காலை மேற்படி வாகனத்தை இருபத்து மூன்று முறை உதைத்தது உண்மை. அதற்குப் பிறகும் வாகனம் கிளம்பியது."

உண்மைன்னு எழுதிட்டா பாத்தீங்களா. கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருக்குது. இருவத்தி மூணுங்கறதைக்கூட அவ எண்ணி மனசுல வெச்சிருந்திருக்கா. எனக்கு அது போதுமுங்க.

ஒரே ஒரு சின்னக் குறை. 'அதற்குப் பிறகு வாகனம் கிளம்பியது'ன்னு இருக்கோணும். அவ 'பிறகும்'னு ஒரு ம் எச்சாப் போட்டுட்டா. ஊசி போடறதுல அவளை அடிச்சுக்க ஆள் இல்லை, எழுத்துதான் அவளுக்கு வராது. மேட்டுப்பாளையத்துல ஃப்ரேம் போடற எடத்துல சொல்லி, அந்த ம் மேல மட்டும் சட்டம் வர்ற மாதிரி வெச்சு மறைக்க முடியுமான்னு கேக்கோணும். வரி முடியற எடத்துலதான் இருக்குது, பாருங்க. மறைச்சா யாருக்குந் தெரியாது.